தலைப்பிள்ளைக்குப் பால் கொடுத்தல்: ஆஸ்பத்திரிப் பை கட்டுவதிலிருந்து 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரை

பிள்ளை பிறந்து நாலாம், ஐந்தாம் நாளில்தான் எனக்கு அழைப்பு வரும். கதைப்பது பெரும்பாலும் தாயாக இருக்காது. தாயின் அக்காவோ மாமியோ எடுப்பார். “பால் காணாதாம் பிள்ளை, குழந்தை கிடந்து கத்துது. ஒரு பால்மா ரின் வாங்கட்டோ?” என்பார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்த் தாய்மார் குழுவில் சேர்ந்து, இப்படிக் கூப்பிட்ட வீடுகளுக்குப் பல வருடமாகப் போய் வருகிறேன். உண்மையிலேயே பால் காணாத தாயை மிகக் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன். அநேகமான வீடுகளில் பிள்ளை மார்பை வாயால் பிடிக்கிற பிடி பிழைத்திருக்கும், தாய் நித்திரையில்லாமல் இருப்பாள், அலுமாரிக்குள் அவசரத்துக்கென்று வாங்கி வைத்த போத்தல் இருக்கும். என் மூத்தவனுக்கும் இதுதான் நடந்தது. காம்பு வெடித்து இரத்தம் வர, பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். வீட்டுக்கு வந்த மிட்வைஃப் அம்மா பிள்ளையைத் தூக்கி என் வயிற்றோடு திருப்பி வைத்தா. அந்த ஒரு மாற்றத்தோடு வலி நின்றது.

அதனால் ஒழுங்குதான் முக்கியம். முதலில் பிடி, அடுத்தது எத்தனை தரம் என்பது, பிறகு நப்பிக் கணக்கு, அதாவது பிள்ளை ஒரு நாளில் எத்தனை நப்பி நனைக்கிறது என்பது. இந்த மூன்றையும் பார்த்து முடிக்காமல் ‘பால் காணாது’ என்று தீர்க்க வேண்டாம்.

1. பிள்ளை பிறக்கமுன் செய்ய வேண்டியவை

கடைசி மாதக் கிளினிக்குக்குப் போகும்போது, பிள்ளைப்பேறு பார்க்கப்போகிற அம்மாவையோ மாமியையோ கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். பால் கொடுப்பதைப் பற்றி மிட்வைஃப் சொல்வதை அவர்களும் நேரே கேட்கட்டும். பிள்ளை பிறந்தபின் சர்க்கரைத் தண்ணி வேண்டாம், தேன் வேண்டாம் என்று வீட்டில் வாதாட உங்களுக்குச் சீவன் இருக்காது. அந்தப் பேச்சை முதலே முடித்து வையுங்கள்.

பையில் வைக்க அதிகம் தேவையில்லை. முன்பக்கம் திறக்கிற சோட்டி மூன்று, நன்றாகத் தோய்த்த பழைய வேட்டியில் கிழித்த துண்டுகள், இரண்டு தலகணி, ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும். கொப்பி எதற்கென்று 7ஆம் பகுதியில் சொல்கிறேன். ஒரு சின்ன எவர்சில்வர் கப்பும் கரண்டியும் வீட்டில் அவித்து வைத்திருங்கள்.

வாங்கக்கூடாதவை: பால் போத்தல், சூப்பி, மா ரின். கையெட்டும் தூரத்தில் ரின் இருந்தால் இரவு இரண்டு மணிக்கு யாராவது அதைத் திறப்பார்கள். தேவை என்று வைத்தியர் சொன்னால் பார்மசி எங்கும் ஓடிப்போகாது. கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய, பால் எடுக்கும் பம்பையும் இப்போதைக்குப் பெட்டியோடு எடுத்து வையுங்கள். முதல் நாட்களில் கையும் பிள்ளையின் வாயும் செய்கிற வேலையை அது செய்யாது.

காம்பைத் தேய்ப்பது, இழுப்பது, சவர்க்காரம் போட்டுக் கழுவுவது எதுவும் வேண்டாம். காம்பைச் சுற்றியுள்ள சுரப்பிகள் தரும் எண்ணெய்த்தன்மையைச் சவர்க்காரம் எடுத்துவிடும், தோல் காயும். காம்பு தட்டையாக இருக்கிறதே என்று பயப்படவும் வேண்டாம். பிள்ளை காம்பை மட்டும் சூப்புவதில்லை, மார்பையும் சேர்த்து வாய்க்குள் எடுக்கிறது.

2. முதல் ஒரு மணித்தியாலம்

பிறந்த உடனே பிள்ளையைத் துடைத்து, உங்கள் வெறும் மார்பில் குப்புறப் போடச் சொல்லிக் கேளுங்கள். மேலே ஒரு துவாயால் மூடினால் போதும். தாயின் சூட்டில் பிள்ளையின் உடம்புச் சூடும் மூச்சும் சீராகும். மணம் பிடித்து, தலையை ஆட்டி ஆட்டி, தானாகவே மார்பைத் தேடும்.

முதல் ஒரு மணித்தியாலத்தில் அநேகப் பிள்ளைகள் நல்ல விழிப்பாக இருக்கும். அதன்பின் நீண்ட நித்திரைக்குப் போய்விடும். அந்த விழிப்பு நேரத்தில் முதற்பால் கொடுத்துவிட வேண்டும். நிறுப்பது, குளிப்பாட்டுவது, படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவது எல்லாம் பிறகு. பிள்ளை உறிஞ்சும்போது கர்ப்பப்பை சுருங்கும், அடிவயிறு பிடித்து இழுக்கும். அது நல்லதற்குத்தான், இரத்தப்போக்கு அதனால் குறையும்.

பிள்ளையைத் தனியே எடுத்துப்போக வேண்டி வந்தால், முதல் சில மணித்தியாலங்களிலேயே கையால் பிழிந்து எடுக்கத் தொடங்குங்கள். எப்படி என்று 8ஆம் பகுதியில் உள்ளது.

3. முதல் மூன்று நாள்: சொட்டுச் சொட்டாக வந்தாலும் போதும்

“மார்பு சூம்பிப் போய்க் கிடக்குது, ஒண்டும் வரேல்லை” என்று வார்டில் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர்கள்கூடச் சொல்வார்கள். முதல் நாள் பிள்ளையின் வயிறு ஒரு தரத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 7 மில்லிலீற்றர்தான் கொள்ளும். அது ஒரு தேக்கரண்டி. அந்த அளவுக்கேற்ற மஞ்சள் சீம்பால்தான் அப்போது சுரக்கும். பசு கன்று போட்டால் கடும்புப் பாலை முதலில் கன்று குடிக்க வேண்டும் என்று எங்கள் அப்பாச்சிமார் சொல்வார்கள். மனிதப் பிள்ளைக்கும் அதே நியாயம்தான்: நோயெதிர்ப்புச் சத்து அதில்தான் செறிந்திருக்கிறது, முதற் கறுப்பு மலத்தை இளக்கி வெளியேற்றுவதும் அதுதான்.

சர்க்கரைத் தண்ணி, தேன், கொத்தமல்லித் தண்ணி, கோரோசனை, வசம்பு, கிரைப் வோட்டர் எதுவும் வேண்டாம். அந்தச் சின்ன வயிறு நிரம்பினால் பிள்ளை மார்பை உறிஞ்சாது; உறிஞ்சாவிட்டால் அடுத்த நாளுக்கான பால் சுரக்காது. தேனில் வேறு ஆபத்தும் உண்டு. ஒரு வயது வரையான பிள்ளையின் குடலில் பொற்றுலிசம் எனும் நோயை உண்டாக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும்.

மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் பால் பெருகும். சிசேரியன் என்றாலும் நிறைய இரத்தம் போனாலும் ஒன்றிரண்டு நாள் பிந்தலாம். அதுவரை அடிக்கடி மார்பில் போடுவதுதான் வேலை.

4. பிடி

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். முடிந்தால் கர்ப்பத்திலேயே, உருட்டிய துவாய் ஒன்றைப் பிள்ளையாக வைத்துச் செய்து பாருங்கள்.

முதலில் நீங்கள் இருக்கும் விதம். முதுகு நன்றாகச் சாய வேண்டும், கால் நிலத்தில் முட்ட வேண்டும். எட்டாவிட்டால் ஒரு பலகைக் கட்டையை வையுங்கள். பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் இருந்து, குனிந்து, மார்பைப் பிள்ளையின் வாய்க்குள் திணிப்பதுதான் நான் எந்த வீட்டிலும் முதலில் காணும் பிழை. குனிந்தால் கொஞ்ச நேரத்தில் முதுகு நோகும், நீங்கள் நிமிர்வீர்கள், மார்பு வாயிலிருந்து வழுக்கும், பிள்ளை காம்பு நுனியில் தொங்கும். வெடிப்பு அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளைதான் மார்புக்கு வர வேண்டும், மார்பு பிள்ளையிடம் போகக்கூடாது.

அடுத்தது பிள்ளையின் உடம்பு. காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அதன் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் தலையைத் தோளுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். மல்லாந்து கிடந்து கழுத்தை மட்டும் திருப்பிக் குடிக்கிற பிள்ளைக்கும் அந்தக் கஷ்டம்தான்.

கை. இடது மார்பில் கொடுப்பதென்றால், பிள்ளையை வலது கையால் தாங்குங்கள். முன்னங்கையில் அதன் முதுகும், உள்ளங்கையில் தோளும் பிடரிக்குக் கீழ்ப்பக்கமும் இருக்கட்டும். தலையின் பின்பக்கத்தைப் பிடித்து அமுக்க வேண்டாம். அமுக்கினால் பிள்ளை வில்லாக வளைந்து பின்னால் தள்ளும். அதைப் பார்த்து “பிள்ளைக்குத் தாய்ப்பால் பிடிக்கேல்லை” என்று முடிவுகட்டிவிடுவார்கள். இடது கையால் மார்பைக் கீழிருந்து தாங்குங்கள், விரல்கள் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்கு வெகு பின்னால் இருக்கட்டும். இரண்டு விரலுக்கிடையில் காம்பைக் கத்தரிக்கோல்போல் பிடித்தால், வாய் போக வேண்டிய இடத்தில் விரல் நிற்கும்.

இனி வாய். பிள்ளையின் மூக்கு காம்புக்கு நேரே வரட்டும். காம்பால் மேலுதட்டை மெல்லத் தடவுங்கள். பிறகு காத்திருங்கள். அரைவாசி திறந்ததும் வைத்துவிடுகிறோம், அதுதான் பிழை. கொட்டாவி விடுகிறமாதிரி வாய் அகலத் திறக்கும் ஒரு கணம் வரும். அப்போது, நாடி (மோவாய்) முதலில் மார்பில் முட்டும்படி, பிள்ளையைச் சட்டென்று உங்களிடம் அணையுங்கள்.

சரியாகப் பிடித்தால் நாடி மார்பில் புதைந்திருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கன்னம் உப்பியிருக்கும். கருவட்டம் மேல்பக்கம் கூடவும் கீழ்ப்பக்கம் குறையவும் தெரியும். முதலில் கடகடவென்று உறிஞ்சி, பால் இறங்கியதும் ஆழமாக, ஆறுதலாக இழுக்கும். நாடி ஒரு கணம் நிற்கும், தொண்டையில் மெல்லிய ஒலி கேட்கும். அதுதான் விழுங்குவது. கன்னம் குழிந்தாலோ நாக்கு ‘டக் டக்’ என்று சத்தம் போட்டாலோ பிடி பிழை.

மூக்கு அடைபட்டுவிடும் என்று விரலால் மார்பை அமுக்கிப் பிடிக்கிறார்கள். அது காம்பை வாயிலிருந்து இழுத்துவிடும். பிள்ளையின் பிட்டத்தை உங்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுங்கள். தலை தானாகச் சற்றுப் பின்சாய்ந்து மூக்கு விடுபடும்.

முதற் சில வினாடி இழுவை இருக்கலாம். அரை நிமிடம் கழிந்தும் நொந்தால், சகித்துக்கொண்டு தொடர வேண்டாம். சுண்டுவிரலை வாயின் ஓரத்தால் விட்டு, பிடியை விடுவித்து, திரும்ப வையுங்கள். ஒரு தரத்துக்கு ஆறு முறை திருப்பி வைக்க நேர்ந்தாலும் வையுங்கள். கொடுத்து முடிந்ததும் காம்பைப் பாருங்கள்: உருண்டையாக வந்தால் சரி, ஒரு பக்கம் நசிந்து, சீவியதுபோல் சரிந்திருந்தால் பிடி போதவில்லை. எத்தனை முறை திருத்தியும் சரிவராவிட்டால் நாக்குக் கட்டு இருக்கிறதா என்று வைத்தியரிடம் காட்டுங்கள்.

5. சிசேரியன் செய்த தாய்க்கு

காயத்தில் பிள்ளை முட்டக்கூடாது என்பதுதான் வித்தியாசம். இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒருக்களித்துப் படுத்து, முதுகுக்கு ஒரு தலகணி வைத்து, பிள்ளையையும் உங்கள் பக்கம் ஒருக்களித்து வைப்பது. மற்றது, பிள்ளையைக் கக்கத்துக்குக் கீழ், கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி, தலகணியில் கிடத்துவது. முதல் இரண்டு நாளும் பிள்ளையைத் தூக்கித் தர ஒருவர் தேவை, கணவரைப் பழக்குங்கள். நோக்குளிசையைத் தாமதிக்காமல் எடுங்கள். நோவும் பதற்றமும் பால் இறங்குவதைத் தடுக்கும்.

கதிரையில் இருந்தபடி பிள்ளையோடு நித்திரையாகிவிடக்கூடாது. கண் செருகுகிறதென்றால் பிள்ளையை உடனே வேறொருவரிடம் கொடுங்கள்.

6. எப்போது, எத்தனை தரம்

ஒரு நாளில், இரவும் சேர்த்து, 8 முதல் 12 தரம். மணிக்கூட்டைப் பார்த்தல்ல, பிள்ளையைப் பார்த்து. தலையைத் திருப்பித் தேடுவது, நாக்கை நீட்டுவது, கையை வாய்க்குள் வைப்பது எல்லாம் பசியின் முதல் அடையாளங்கள். அழுகை கடைசி. அழுது களைத்த பிள்ளைக்கு வாயை அகலத் திறக்கப் பொறுமை இருக்காது, பிடி பிழைத்துவிடும்.

சேலையில் கட்டும் ஏணையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஏணைக்குள் கிடக்கிற பிள்ளையின் முகமும் கையும் தெரியாது. அழுத பிறகுதான் ஓடுவோம். ஆட்டினால் பசியோடே திரும்பவும் நித்திரையாகும். முதல் மாதம் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், தட்டையான மெத்தையில், மல்லாத்திப் படுக்க வையுங்கள்.

பிறந்த நிறை திரும்பி வரும்வரை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை கொள்ள விடாதீர்கள். உடுப்பைக் கழற்றி, நப்பி மாற்றி, உள்ளங்காலை வருடினால் எழும்பும். மஞ்சள் நிறம் உள்ள பிள்ளைக்கு நித்திரை கூட இருக்கும். அதை எழுப்பிக் கொடுப்பது இன்னும் முக்கியம்.

ஒரு பக்கம் தானாக விடும்வரை குடிக்கட்டும். குடிக்கக் குடிக்கக் கொழுப்புக் கூடிய பால் வரும். ஐந்து நிமிடத்தில் பிடுங்கி மற்றப் பக்கம் போட்டால் அது கிடைக்காது. பிறகு தோளில் போட்டு ஏவறை எடுத்து, மற்றப் பக்கம் கொடுங்கள். வேண்டாமென்றால் விடுங்கள். அடுத்த தரம் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். மறந்துவிடும், ஒரு காப்பை அந்தக் கைக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரவுப் பாலை விட வேண்டாம். பாலைச் சுரக்க வைக்கும் புரொலக்ரின் இரவில்தான் கூடச் சுரக்கும். “நீ படு பிள்ளை, நான் போத்தல்ல குடுக்கிறன்” என்று அம்மம்மா அன்போடு சொல்வா. அந்த அன்பைப் பகலுக்கு மாற்றுங்கள்: காலையில் குடித்து முடிந்த பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு உங்களை இரண்டு மணித்தியாலம் படுக்க விடச் சொல்லுங்கள்.

பின்னேரங்களில், பொழுதுபட்டதிலிருந்து ஒன்பது பத்து மணி வரை, சில பிள்ளைகள் விட்டுவிட்டு ஓயாமல் குடிக்கும். இரண்டு மூன்று கிழமையிலும், ஆறு கிழமை அளவிலும் இது கூடும். பால் வற்றிவிட்டது என்று எல்லோரும் நினைப்பது இப்போதுதான். நாளைக்கு வேண்டிய பாலைப் பிள்ளை இன்றே கேட்டு வைக்கிறது. இரண்டு மூன்று நாள் விட்டுக்கொடுத்தால் சுரப்பு ஏறிவிடும்.

7. பால் காணுதோ: கொப்பியைப் பார்த்துச் சொல்லுங்கள்

அழுகையை வைத்தும் மார்பின் கனத்தை வைத்தும் பால் அளவைச் சொல்ல முடியாது. பிள்ளை வேறு எதற்கும் அழும். உள்ளே போனதை அறிய வெளியே வருவதைத்தான் எண்ண வேண்டும்.

கொப்பியில் ஒவ்வொரு நாளும் எத்தனை தரம் சிறுநீர், எத்தனை தரம் மலம், மலம் என்ன நிறம் என்று குறியுங்கள். முதல் நாள் ஒரு ஈர நப்பி, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்தாம் நாளிலிருந்து 24 மணித்தியாலத்துக்கு ஆறோ அதற்கு மேலோ நன்றாக நனைந்தவை இருக்க வேண்டும். மலம் கறுப்பில் தொடங்கி, பச்சையாகி, ஐந்தாம் நாளளவில் கடுகு மஞ்சளாக, இளக்கமாக வர வேண்டும். ஐந்தாம் நாளிலும் கறுப்பாகவே இருந்தால் பால் போதிய அளவு போகவில்லை, அன்றைக்கே காட்டுங்கள்.

இந்தக் கணக்குக்காகத்தான் வேட்டித் துண்டு. பம்பஸ் கட்டினால் ஈரம் உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். இரண்டு தரமா ஐந்து தரமா என்று தெரியாது. முதல் இரண்டு கிழமை பகலிலாவது துணி கட்டுங்கள்.

அடுத்த அளவுகோல் நிறை. முதல் நாட்களில் நூற்றுக்கு ஏழு வரை குறைவது வழமை. பத்தை நெருங்கினால் கட்டாயம் வைத்தியர் பார்க்க வேண்டும். இரண்டு கிழமையில் பிறந்த நிறை திரும்ப வேண்டும். அதன்பின் கிழமைக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் ஏறினால் உங்கள் பால் காணும். மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போது கொப்பியைக் காட்டுங்கள். குடித்துக்கொண்டிருக்கும்போதே பிடியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தபின் பார்த்து எதையும் சொல்ல இயலாது.

கணக்கும் நிறையும் குறைந்தால் அதை மறைக்க வேண்டாம். தைரொயிட் குறைவு, கர்ப்பப்பையில் தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு, பேற்றில் போன அதிக இரத்தம், முன்பு நடந்த மார்புச் சத்திரசிகிச்சை போன்றவற்றால் சிலருக்கு உண்மையாகவே பால் குறையும். அப்படியென்றால் வைத்தியர் சொல்லும் அளவுக்கு மேலதிகப் பால் கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது, அது எல்லாவற்றுக்கும் முதல்.

8. மார்பு கல்லாகும் நாள்: கையால் எடுப்பது

மூன்றாம், நாலாம் நாள் பால் ஏறும்போது மார்பு கல்லாகி, தோல் மினுங்கி, காம்பு தட்டையாகிவிடும். பிள்ளைக்கு வாயில் எதுவும் அகப்படாது. வழுக்கி வழுக்கி அழும். இதற்குமுன் ஒழுங்காகக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகூட இந்த நாளில் மறுக்கும்.

முதலில் கருவட்டத்தை இளக்குங்கள். காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். வீக்க நீர் பின்னால் போக, பிள்ளை பிடிக்கும் இடம் மெதுவாகும்.

பிறகு கொஞ்சம் பால் எடுங்கள். கையைக் கழுவி, பெருவிரல் மேலேயும் சுட்டுவிரல் கீழேயும், காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பின்னால் வையுங்கள். நெஞ்சுப் பக்கம் அமத்தி, விரல்களை ஒன்றையொன்று நோக்கி அழுத்தி, விடுங்கள். தோலில் வழுக்கித் தேய்க்கக்கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கக்கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றும் வராது, விட்டுவிடாதீர்கள். சொட்டத் தொடங்கியதும் விரல்களைச் சுற்றிச் சுற்றி இடம் மாற்றுங்கள்.

மார்பு இளகும் அளவுக்கு எடுத்தால் போதும். முழுதையும் எடுத்து வற்றச் செய்தால் உடம்பு அவ்வளவும் தேவை என்று எண்ணி இன்னும் சுரக்கும். கொடுத்த பின் குளிர்த் தண்ணீரில் நனைத்த துவாய் போட்டால் வீக்கம் குறையும். சுடச்சுட ஒத்தடம் நெடுநேரம் பிடித்தால் வீக்கம் கூடும். கொடுக்கமுன் ஒன்றிரண்டு நிமிட இளஞ்சூடு போதும்.

9. காம்பு வெடிப்பும் மார்புக் காய்ச்சலும்

வெடிப்புக்குக் களிம்பு தேடுமுன் 4ஆம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். பிடியைத் திருத்தாமல் எதைப் பூசினாலும் அடுத்த தரம் திரும்ப வெடிக்கும். கடைசியாக வரும் இரண்டு சொட்டுப் பாலைத் தடவிக் காய விடுங்கள். நோவு குறைந்த பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

மார்பின் ஒரு பகுதி சிவந்து, தொட்டால் நொந்து, குளிரும் காய்ச்சலும் உடம்புளைவும் வந்தால் அது மார்பு அழற்சி. இதில் செய்கிற பெரிய பிழை, ‘பால் கெட்டுப்போச்சு’ என்று அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்துவது. நிறுத்தினால் பால் தேங்கிச் சீழ்க்கட்டியாகலாம். அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. வழமைபோல் கொடுங்கள், குளிர் ஒத்தடம் வையுங்கள், படுத்திருங்கள். கட்டியை உருட்டிப் பிசைய வேண்டாம். 24 மணித்தியாலத்தில் குறையாவிட்டால், அல்லது காய்ச்சல் கடுமையாக இருந்தால், வைத்தியரிடம் போங்கள். மருந்தெழுத முன்னரே “பால் குடுக்கிறன்” என்று சொல்லுங்கள். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற குளிசைகள் இருக்கின்றன.

10. பத்தியம், தண்ணீர்

சரக்குக் கறியும் உள்ளியும் முருங்கையிலையும் நல்ல சாப்பாடுகள். ஆசையாகச் சாப்பிடுங்கள். ஆனால் மிளகும் சீரகமும் அரைத்த கறியைக் குடித்துவிட்டு, பிள்ளையை நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மார்பில் போட்டால் பால் கூடாது. மார்பு வெறுமையாக வெறுமையாகத்தான் திரும்பச் சுரக்கும்.

பால்சுறா வறை பால் பெருக்கும் என்று எல்லா வீட்டிலும் கொடுக்கிறோம். புரதத்துக்கு அது நல்லதுதான், ஆனால் சுறா இனங்களில் பாதரசம் சேர்வதுண்டு. ஆசைக்கு ஒருநாள் சின்னச் சுறாவாகச் சாப்பிட்டுவிட்டு, மற்ற நாட்களில் சூடை, நெத்தலி போன்ற சிறுமீனையும் முட்டை, பருப்பையும் எடுங்கள். கிளினிக்கில் தரும் திரிபோஷாச் சத்துமா உங்களுக்குத்தான், வீட்டில் எல்லோருக்கும் பங்கிட அல்ல.

பத்தியத்தில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று, ‘வயிறு வைக்கும்’ என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது. எங்கள் சித்திரை, வைகாசி வெயிலில் அது தாயை வாட்டிவிடும், மலச்சிக்கலும் வரும். ஒவ்வொரு தரமும் பால் கொடுக்கத் தொடங்கும்போது பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துக் குடியுங்கள். பிள்ளைக்கு மட்டும் ஆறு மாதம் முடியும்வரை, எந்த வெயிலிலும், தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

11. ஏற்கெனவே மாப்பால் தொடங்கியிருந்தால்

அழ வேண்டாம், திரும்பி வரலாம். ஆனால் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். மாவைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுக்கவும் வேண்டாம். இரண்டும் பிள்ளையைப் பட்டினி போடும்.

ஒவ்வொரு தரமும் முதலில் மார்பு, இரண்டு பக்கமும். அதன்பின்தான் மாப்பால், அதுவும் போத்தலில் இல்லாமல் கப்பில். பிள்ளையை நிமிர்த்தி வைத்து, கப்பைக் கீழுதட்டில் முட்ட வைத்தால் அது தானாக நக்கி உறிஞ்சும், வாய்க்குள் ஊற்றக்கூடாது. போத்தலில் பால் தானாக ஓடி வரும். அந்தச் சுகம் பழகிய பிள்ளை மார்பில் வாயைத் திறந்து உழைக்க மறுக்கும். இடையிடையே கையாலும் எடுங்கள். நப்பிக் கணக்கும் நிறையும் சரியாக நிற்பதைப் பார்த்துப் பார்த்து, மிட்வைஃபின் கண்காணிப்பில் மாப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் மாப்பாலுக்கு இன்னொரு கவலையும் உண்டு: தண்ணீர். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்டத்துக்குப் போட்ட பசளை கிணற்றில் இறங்குகிறது. வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. அது கூடினால் சின்னக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் வலு குறையும், உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். மா கரைக்கத்தான் வேண்டுமென்றால் பரிசோதித்த தண்ணீரை எடுத்துக் கொதிக்க வைத்துப் பாவியுங்கள்.

12. காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்

பிள்ளை மார்பைத் தொடவே மறுத்தால், எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தால், உடம்பு 38 பாகைக்கு மேல் சுட்டால் அல்லது தொட்டால் குளிர்ந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், உச்சிக்குழி பதிந்தால், வலிப்பு வந்தால், முதல் நாட்கள் கழிந்தபின் எட்டு மணித்தியாலமாக நப்பி நனையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு. வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் இலவசம். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், பிறகு அது கால்வரை இறங்கினாலும் செங்கண்மாரிக்கு வெயிலில் காட்டிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

உங்களையும் பாருங்கள். முதற்கிழமை காரணமில்லாமல் கண்ணீர் வருவது பலருக்கு உண்டு. இரண்டு கிழமை தாண்டியும் மனம் இருண்டே கிடந்தால், பிள்ளையில் பற்று வராவிட்டால், மிட்வைஃபிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு. உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். அப்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

13. வேலைக்குத் திரும்பும் தாய்க்கு

இலங்கையில் சம்பளத்தோடு 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. முடிவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பிருந்து, காலையில் முதற்பால் கொடுத்த பின் ஒருதரம் கையாலோ பம்பாலோ எடுத்துப் பழகுங்கள். இப்போதுதான் சித்தியின் பம்புக்கு வேலை. பிள்ளையைக் கப்பில் குடிக்கப் பழக்குவதை அம்மம்மா செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் உங்கள் மணத்துக்கு அது கப்பைத் தொடாது.

எடுத்த பாலை எங்கள் வெக்கையில் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பிரிட்ஜில் நாலு நாள் இருக்கும், கதவுப் பக்கமல்ல, உள்ளே பின்பக்கம். ஒரு தரத்துக்கு வேண்டிய அளவைத் தனித்தனிச் சின்னப் போத்தலில் போட்டு, நாளும் நேரமும் எழுதுங்கள். கறண்ட் நெடுநேரம் போய் பிரிட்ஜ் குளிர் விட்டிருந்தால் அந்தப் பாலைக் கொடுக்க வேண்டாம். சூடாக்க அடுப்பில் வைக்கக்கூடாது; சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் போத்தலை வைத்து, கொழுப்புக் கலக்கும்படி மெல்ல ஆட்டி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக் கொடுங்கள். குடித்து மிஞ்சியதைத் திரும்ப எடுத்து வைக்காமல் ஊற்றிவிடுங்கள்.